பயங்கரவாதச் சட்டம் வரைவோருக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதி அமைச்சருக்கும் சட்டவரைவுக் குழுவினருக்கும்,

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுக்கென்று வந்து, 1982இல் நிரந்தரமானது. எது பயங்கரவாதம் என்ற வரைவிலக்கணமே அதில் இல்லை. அதற்குப் பதிலாக வரும் சட்டத்தில் அந்த வரைவிலக்கணம் செயலை வைத்து எழுதப்பட வேண்டும். செய்தவர் சீருடை அணிந்தவரா என்பதை வைத்து எழுதக்கூடாது.

1998 ஜனவரி 25 அன்று கண்டி தலதா மாளிகையில் வெடித்த லொறிக் குண்டு பயங்கரவாதம். அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் நடந்ததற்கு என்ன பெயர்? அது அரசின் புனர்வாழ்வு நிலையம். தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 41 பேர். கத்தி, பொல்லுகளோடு கும்பல் நுழைந்தபோது ஆயுதம் தாங்கிய பொலிஸார் அறுபது பேரளவில் அங்கே நின்றார்கள். 27 பேர் கொல்லப்பட்டார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் பொலிஸார் இருவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் குற்றவாளி என்று ஒருவரும் மிஞ்சவில்லை. தடுக்கும் அதிகாரமும் ஆயுதமும் இருந்தும் தடுக்காமல் நின்ற அதிகாரிக்குத் தனிக் குற்றப்பொறுப்பு சட்டத்தில் இருந்தால்தான் இப்படியான வழக்கு நிற்கும்.

குறிவைத்துப் பொதுமக்களைக் கொல்வதும் போரில் அவர்கள் அகப்பட்டுச் சாவதும் ஒன்றல்ல என்று படைத்தரப்பு சொல்லும். உண்மைதான். ஆனால் பல்குழல் ரொக்கெட் புள்ளியைத் தாக்கும் ஆயுதமல்ல, பரப்பைத் தாக்குவது. மக்கள் நெருங்கியிருக்கும் இடத்துக்கு அதை ஏவுகிறவருக்கு விளைவு முன்கூட்டியே தெரியும். 2009இல் வன்னியில் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் எறிகணைகள் விழுந்தன. அங்கிருந்து தப்பப் பார்த்த மக்களைப் புலிகள் சுட்டார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே ஒவ்வொரு தாக்குதலுக்கும் உத்தரவிட்டவர், இலக்கு, ஆயுதம், அங்கிருந்த மக்கள் தொகை பற்றி அப்போது தெரிந்திருந்தது ஆகிய நான்கும் நேரத்தோடு பதிவாகி, படைக்கு வெளியே ஒரு பிரதி காக்கப்பட வேண்டும். பதிவில்லாவிட்டால் நோக்கத்தை நிரூபிக்க வழியே இல்லை.

வரைவிலக்கணத்துக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2004ஆம் ஆண்டு 1566ஆம் தீர்மானம் உதவும். கொல்லும், கடுங்காயம் விளைக்கும் அல்லது பணயம் வைக்கும் எண்ணம். மக்களை அச்சுறுத்தும் அல்லது அரசை நிர்ப்பந்திக்கும் நோக்கம். சர்வதேச உடன்படிக்கைகளில் ஏற்கெனவே குற்றமாக உள்ள செயல். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும், "அல்லது" போட்டுப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் தோட்டத்தில் சம்பளத்துக்காக நடக்கும் வேலைநிறுத்தமும் "அரசை நிர்ப்பந்திப்பது" ஆகிவிடும்.

பழைய சட்டத்தின் மிக மோசமான பகுதி 16ஆம் பிரிவு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் செல்லாது. 16ஆம் பிரிவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தால் செல்லும் என்கிறது; அதோடு, அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையையும் கைதானவர் தலையிலேயே வைக்கிறது. மூடிய அறையில் நடந்ததற்கு அவர் சாட்சிக்கு எங்கே போவார்? சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் சிங்களம் வாசிக்கத் தெரியாதவர் பெருவிரல் பதித்த வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவரை சென்றது; நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாக 2004இல் அக்குழு முடிவு சொன்னது. 2022இன் திருத்தம் தடுப்புக்காவல் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது, 16ஆம் பிரிவை நீக்கவில்லை. புதிய சட்டத்தில் அதன் சாயல்கூட வேண்டாம். வாக்குமூலம் நீதவான் முன், சட்டத்தரணி பக்கத்தில் இருக்க, கொடுப்பவரின் தாய்மொழியில் எழுதப்படட்டும்.

வரைவின் தமிழ்ப் பாடம் சிங்களப் பாடம் வெளிவரும் அதே நாளில் வெளிவர வேண்டும். கருத்துச் சொல்வதற்கான காலக்கெடுவும் அந்த நாளிலிருந்தே எண்ணப்பட வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத்தில் சட்ட உதவிப் பணியில் இருப்போர்