பாட்டிக்குத் தெரியாமல் ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ, "புதன்கிழமை காலேஜில் என்.எஸ்.எஸ். முகாம், நான் ரத்தம் கொடுக்கப் போறேன்" என்றதும் நான் வெறும் "ம்" போட்டு வைத்துவிட்டேனே, கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. பாட்டி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இருக்கறதே ஒரு சொம்பு ரத்தம், அதையும் குடுத்துட்டு வரப் போறாளா" என்று ஆரம்பித்தால் ராத்திரி வரை நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாட்டியையும் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் பெரியாஸ்பத்திரி வாசல்களில் காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் நிற்பார்கள். வயிற்றுப்பாட்டுக்காகத் திரும்பத் திரும்பக் கொடுத்து வெளிறிப்போனவர்கள். உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், 1998 ஜனவரியிலிருந்து அது தடை செய்யப்பட்டது. ரத்தம் கொடுப்பது என்றால் பாட்டி கண்ணுக்கு இன்னும் அந்த முகங்கள்தான் தெரிகின்றன.

ஆனால் சொம்புக் கணக்கு தப்பு. உன் எடைக்கு உடம்பில் சுமார் 3 லிட்டர் ரத்தம் ஓடும். எடுப்பது 350 மில்லி. 450 மில்லி பை 55 கிலோவைத் தாண்டியவர்களுக்குத்தான். 45 கிலோவுக்குக் கீழே என்றால் ரத்தமே எடுக்க மாட்டார்கள். போன தடவை ஊருக்கு வந்தபோது நீ 47. மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லிச் சொல்லி அதில் எவ்வளவு கரைத்திருக்கிறாயோ, அங்கே எடை மிஷினில் ஏறும்போது தெரிந்துவிடும்.

திருப்பி அனுப்பினாலும் அழாதே. என்னை அனுப்பியிருக்கிறார்கள். அப்போது எனக்கு 29 வயது, பள்ளிக்கூடத்தில் முகாம், எல்லா டீச்சர்களும் வரிசையில் நின்றோம். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டார்கள். மயில்துத்தக் கரைசல். ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் சொட்டு அடியில் போய் உட்காரும், குறைவாக இருந்தால் மேலேயே நிற்கும். எனக்கு முன்னால் நின்ற கணக்கு டீச்சருடையது கல் மாதிரி இறங்கியது. என்னுடையது மிதந்தது. எல்லோருக்கும் முன்னால் என்னவோ ஃபெயிலான மாதிரி இருந்தது. இப்போது பல இடங்களில் சின்ன மிஷினில் பார்க்கிறார்கள், 12.5 வேண்டும். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அங்கேயே நின்றுவிடுவார்கள். மாதாமாதம் ரத்தத்தோடு போகிற இரும்புச்சத்து சாப்பாட்டுத் தட்டில் திரும்ப வருவதில்லை.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கூடவே, சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் காபி குடிக்கும் பழக்கத்தை விடச் சொன்னார். காபியும் டீயும் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேருமாம். கும்பகோணத்துக்காரியைக் காபிக்கு ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள். ஆறு மாதம் கழித்துப் போனேன், எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தடவைதான் மயங்கி விழுந்தேன். சுகர் டெஸ்ட் மாதிரி வெறும் வயிற்றில் போக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். எடுத்து முடித்ததும் பெரிய வீராங்கனை மாதிரி சட்டென்று எழுந்தேன். முதலில் கொட்டாவி, அப்புறம் குளிர்ந்த வியர்வை, காதில் ஒரு ரீங்காரம். கண்ணைத் திறந்தால் தரையில் கிடக்கிறேன், கால் நாற்காலி மேல் இருக்கிறது. ஊசி காரணமில்லை, நானேதான். அதனால் இட்லியோ பொங்கலோ வயிறார சாப்பிடு, போவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடி, முதல் நாள் ராத்திரி தூங்கு. (ஹாஸ்டலில் நீ எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று உன் வாட்ஸ்அப் சொல்கிறது.) கொட்டாவி வந்தால் வெட்கப்படாமல் நர்ஸைக் கூப்பிடு. படுத்திருக்கும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கி இறுக்கி விட்டால் தலை சுற்றுவது குறையும்.

வலியைக் கேட்டாயே. விரலில் குத்துவதுதான் எனக்கு எரிச்சல். கையில் போடும் ஊசி சற்றுத் தடிமன், பார்க்காதே. ஒரு சுருக், அப்புறம் ஒன்றுமில்லை. கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், பை பக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து ரத்தம் உறையாமலிருக்கக் கலக்க வேண்டுமல்லவா, அதற்கு. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஜூஸ், பிஸ்கட். கால் மணி நேரம் உட்கார். கையை மடக்காமல் நீட்டிப் பஞ்சை அழுத்திப் பிடி, இல்லையென்றால் நீலமாகக் கன்றிப்போய், பச்சை, மஞ்சள் என்று ஒரு வாரம் நிறம் மாறும். அன்றைக்கு அந்தக் கையால் பக்கெட் தூக்காதே.

அப்புறம், உன் தோள்பட்டையில் இருக்கும் குருவி.

எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். சுடிதார் காயப்போட நீ கை தூக்கினபோதே பார்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு பேசலாம். இப்போது விஷயம் என்னவென்றால், பச்சை குத்தி 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். என்றைக்குக் குத்தினாய் என்று எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபார்மில் உள்ளபடி எழுது. எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாவற்றுக்கும் பரிசோதிக்கிறார்கள்தான். ஆனால் தொற்று வந்த புதிதில் சோதனையில் சிக்காத நாட்கள் உண்டு. அந்த இடைவெளியை அடைப்பது கொடுக்கிறவர் சொல்லும் உண்மை மட்டும்தான். ஒரே பையிலிருந்து சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு (பிளேட்லெட்) என்று பிரித்து மூன்று பேருக்குக்கூடப் போகும். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும், யாருக்கோ உடனே ஏற்றிவிடுவார்கள். கூட வந்த தோழிகள் எல்லாம் கொடுக்கிறார்களே என்று மறைத்துவிடாதே. மாதவிலக்கு நாளாக இருந்தாலும் சொல்லிவிட்டு வந்துவிடு. கொடுத்த பிறகு காய்ச்சல் வந்தாலோ, மறந்தது ஏதாவது நினைவுக்கு வந்தாலோ, ரத்த வங்கிக்குப் போன் செய்து சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கொடுத்தாயானால் அடுத்தது நான்கு மாதம் கழித்துத்தான். ஆண்களுக்கு மூன்று. அப்பாவிடம் சொன்னேன், "தாராளமா கொடுக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

முருங்கைக்கீரைப் பொடி பார்சலில் வருகிறது, காபியோடு சாப்பிடாதே. புதன் சாயந்திரம் கூப்பிடு. பாட்டி எடுத்தால் பரீட்சையைப் பற்றிப் பேசு.

அம்மா