முள்ளியவளைக்கு ஒரு கடிதம்: நாய்க்கூடு பற்றி

மாங்குளம்
ஆவணிக் கடைசி

அன்பின் மச்சான்,

உன்ர கடிதமும் நாய்க்கூட்டுப் படமும் கிடைத்தன. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். ஐப்பசி மழைக்கு முன்னம் நீ பலகை அறுக்கத் தொடங்கிவிடுவாய் என்ற பயத்தில் இதை உடனே எழுதுகிறேன்.

நாலு சுவரிலும் ரெஜிபோம் (சூடு தடுக்கிற வெள்ளை நுரைத் தட்டு), தரையிலும் ரெஜிபோம், சின்ன வாசல், அதில் தொங்கும் ரப்பர்த் திரை. நீ வரைந்திருப்பது பனி கொட்டுகிற நாட்டுக் கூடு. அங்கே நாயின்ர உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்துவைக்க வேணும். அதனால்தான் சுருண்டு படுக்கிற அளவுக்கு இறுக்கமாகக் கட்டுவார்கள். வன்னியில் வருசத்தின் பெரும்பகுதி அந்தச் சூட்டை வெளியே விடுகிறதுதான் வேலை. நாயின்ர உடம்பு சாதாரணமாகவே 38 முதல் 39 பாகை செல்சியசில் இருக்கும். எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டை இறக்கும். இளைக்கிற மூச்சோடு ஈரம் வரும். காற்று ஓடாத பெட்டிக்குள் அந்த ஈரம் தேங்கினால் பிறகு எவ்வளவு இளைத்தும் பயனில்லை. 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே காசைக் கூரையில் போடு, தரையை உயர்த்து, மேற்குச் சுவர் ஒன்றைத் தவிர மற்றச் சுவர்களைச் சும்மா விடு.

முதலில் திசை. வாசலைத் தெற்கே வை. எங்கட பக்கம் ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கிறது. சித்திரை பிறந்ததில் இருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சரிந்துதான் நிற்கும், தெற்கு வாசலுக்குள் விழாது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே இறங்கிவிடும். அப்போது அதே வாசலால் வெயில் உள்ளே போய் ஈரத்தைக் காயவைக்கும். மாரி மழையும் வாடைக்காற்றும் வடகிழக்கால் அடிக்கிறதால் பின்சுவர்தான் அதைத் தாங்கும். சோளகமோ தென்மேற்கால் வரும். வாசலைத் தெற்குச் சுவரின் மேற்கு அந்தலையில் வெட்டினால் அந்தக் காற்று உள்ளே நுழையும், நாய் கிழக்கு மூலையில் குளிர்ச்சியாகப் படுக்கும். வேம்பு, புளி நிழல் நல்லது. தென்னைக்குக் கீழும் பனைக்குக் கீழும் வேண்டாம்.

20 கிலோ அளவான ஊர் நாய்க்கு உள்ளளவு கிழக்கு மேற்காக 4 அடி, தெற்கு வடக்காக 3 அடி போதும். முன்னுயரம் 3 அடி, பின்னுயரம் இரண்டரை. இந்த ஆறு அங்குலச் சரிவில் தண்ணீர் பின்பக்கம் ஓடிவிடும். வாசல் 14 அங்குல அகலம், 20 அங்குல உயரம். திரை வேண்டாம்.

இனிக் கூரை. வெறும் தகரம் பங்குனி வெயிலில் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். அந்தச் சூடு கீழே படுத்திருக்கிற நாயின்ர முதுகில் நேரே இறங்கும். அதனால் இரட்டைக் கூரை போடு. கீழ்த்தட்டுக்கு 4க்கு 3 அடியில் 6 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டு, நடுவில் 1 அங்குல ரெஜிபோம். அதன் மேல் 3 அங்குல உயரத்தில் மூன்று சிலாகை (ஒடுக்கமான மரச்சட்டம்). இவை முன்னிருந்து பின்னாக, சரிவோடு ஓட வேணும். குறுக்கே போட்டால் சூடான காற்று மேலேறி முன்பக்கத்தால் வெளியேற வழி இல்லாமல் அடைபட்டுவிடும், இரட்டைக் கூரை போட்ட பயனே இல்லை. தகரம் அடிக்கக் குறுக்குச் சிலாகை தேவைதான். அதை 1 அங்குலத்தில் இந்த மூன்றுக்கும் மேலே போடு. தகரம் ஆறடியில் இரண்டு எடு. வெட்டத் தேவையில்லை, முன்னால் 2 அடியும் பின்னால் 1 அடியும் தாழ்வாரமாக நீட்டி நிற்கட்டும். ஆணியை நெளியின் மேட்டில் அடி. பள்ளத்தில் அடித்தால் முதல் மழையிலேயே ஒழுகும். காற்று ஓடுகிற இடைவெளியின் இரண்டு வாயிலும் கால் அங்குலக் கம்பிவலை கட்டாயம், இல்லாவிட்டால் அணிலும் எலியும் குடிவரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும்.

அலுமினிய விரிப்புக் கிடைத்தால், மினுங்கும் பக்கம் காற்று இடைவெளியைப் பார்க்கிற மாதிரி குறுக்குச் சிலாகைக்கு அடியில் அடி. தகரத்தோடு ஒட்டிவிட்டால் அதுவும் சேர்ந்து சுடும். அது கிடைக்காவிட்டால் தகரத்துக்கு மேல் கிடுகோ பனையோலையோ போட்டுக் கட்டு. என்னைக் கேட்டால் அதுதான் மேல். வெயில் தகரத்தைத் தொடாது, மழைச் சத்தத்துக்கு நாய் மிரளவும் மாட்டாது. உக்க உக்க மாற்ற வேணும், அவ்வளவுதான்.

ரெஜிபோமுக்கு மீன் பெட்டியை உடைத்துப் போடலாம் என்று கேட்டிருந்தாய். முல்லைத்தீவுக் கரையில் மலிவாகக் கிடைக்கும், சூடு தடுக்கிறதிலும் குறை இல்லை. ஆனால் மீன் வாடை போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவை. வாடை இருந்தால் நாய் கடித்துப் பிய்க்கும், விழுங்கினால் குடல் அடைக்கும். வாடை போனாலும் ஒரு துண்டுகூட நாய்க்கு எட்டக்கூடாது. ஓரம் முழுக்கத் தகரப் பட்டி அடித்து மூடிவிடு, எறும்பும் அதற்குள் கூடு கட்டாது. ஒட்டுகிறதுக்குத் தின்னர் வாசம் வருகிற பசையைப் பாவிக்காதே, ரெஜிபோம் உருகிக் குழியாகும். தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசை பூசித் திருகாணி போட்டால் போதும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் இருந்தால் அதை வெட்டவே வேண்டாம். அந்தத் தூள் உன்ர நெஞ்சுக்கும் கூடாது, நாய்க்கும் கூடாது.

மேற்குச் சுவரை இரட்டைப் பலகையாக 2 அங்குல இடைவெளி விட்டு அடித்து உமி நிரப்பு. காய்ந்த உமி ரெஜிபோமுக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சூட்டைத் தடுக்கும், ஆலையில் கேட்டால் அள்ளித் தருவார்கள். இந்தச் சுவருக்கு அரை உரப்பை போதும். புடைத்து, நெல்லும் குருணையும் இல்லாமல் போடு, இல்லாவிட்டால் எலி தேடி வரும். நாளாக நாளாக உமி அமர்ந்து மேல்பக்கம் வெறுமையாகும். அதனால் மேல்விளிம்புப் பலகையைத் திருகாணியால் பூட்டு. வருசத்துக்கு ஒருக்கால் கழற்றி நிரப்பலாம்.

பின்சுவரின் உச்சியில், தாழ்வாரத்துக்குக் கீழே, 3 அங்குல உயரத்தில் நீளமாக ஒரு திறப்பு விட்டு வலை அடி. அதற்குக் கீல் வைத்த மூடி போடு. ஐப்பசியில் மூடு, மாசியில் திற. தெற்குச் சுவரின் உச்சியில் இதே போன்ற திறப்பு எந்நாளும் திறந்தே கிடக்கட்டும்.

தரையை ஒரு அடி உயர்த்து. உங்கட காணியில் வெள்ளம் நிற்கும் என்றால் ஒன்றரை அடி. தூணுக்குப் பனை நல்லது, ஆனால் நேரே மண்ணில் நடாமல் சீமெந்துக் கல்லில் நிறுத்து. கறையான் ஏறினால் கல்லில் மண்புற்றுத் தெரியும், உடனே தட்டிவிடலாம். கழிவு ஓயில் பூசுகிற பழக்கம் இங்கே வேண்டாம், நாய் நக்கும். தரைக்குப் பனஞ்சிலாகை போட்டால் சிராம்பு பாதத்தில் ஏறும். வேப்பம் பலகையைச் சீவி, கால் அங்குல இடைவெளி விட்டு அடி. அதைவிடக் கூட்டினால் நகம் மாட்டும். வெயில் காலத்தில் விரிப்பே வேண்டாம், கீழால் காற்று வரட்டும். மாரிக்கு அந்த இடைவெளியை மூட 4க்கு 3 அடியில் ஒரு பலகைத் தட்டு செய்து, அதன் மேல் வைக்கோல் பரப்பு. மார்கழிக் குளிர் நாயைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நனைந்த உடம்பில் வாடைக்காற்றுப் படுகிறதும் ஈரத் தரையும்தான் வருத்தத்தைக் கொண்டுவரும். வைக்கோலைக் கிழமைக்கு ஒருக்கால் மாற்று, பூஞ்சணம் மணத்தால் அன்றைக்கே எரித்துவிடு. பழைய துணி நனைந்தால் லேசில் காயாது.

உண்ணிதான் பெரிய தலையிடி. நாயில் இரத்தம் குடித்துக் கழன்று விழுகிற உண்ணி பலகை வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மட்டும் மருந்து வைத்துப் பயனில்லை. உட்பக்கப் பொருத்துகளை அடைத்துச் சுண்ணாம்பு அடி, நன்றாகக் காய்ந்து இரண்டு மூன்று நாள் போன பிறகே நாயை விடு. கூரையைக் கீல் போட்டுத் திறக்கிற மாதிரி வைத்தால் கழுவ வசதி. கீழ்த்தட்டோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேர் வேணும். மாரிக் காற்றுக்கு அந்தக் கூரையைக் கம்பியால் தூணோடு கட்ட மறக்காதே.

கட்டி முடிந்ததும் ஒரு பகல் இரண்டு மணிக்கு, நாய் படுக்கிற உயரத்தில் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடு, இன்னொன்றை மர நிழலில் தொங்கவிடு. உள்ளே இரண்டு பாகைக்கு மேல் கூடக் காட்டினால் காற்று எங்கேயோ அடைபடுகிறது. முதலில் கூரை இடைவெளி வலையைப் பார், சருகு அடைத்திருக்கும்.

நாயை மூக்கில் இருந்து வால் அடி வரையும், நிற்கும்போது தோள் உயரத்தையும் அளந்து எழுது. என்னிடம் வேப்பம் பலகை கிடக்கிறது, அளவு வந்ததும் அறுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்