சத்தம் போடாத வண்டி

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளை,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போனில் கூப்பிட்டபோதெல்லாம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கோபப்பட்டிருந்தால் நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு மூட்டுவலி பரவாயில்லை. பெரியவள் பிளஸ் டூ. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைப் போலவே நீயும் பெட்ரோல் என்ஜினிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு ஹைப்ரிட் எஸ்யூவி புக் செய்திருப்பதாக நம்ம குண்டுமணி சொன்னான். ஹாஸ்டலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே கடன் கேட்ட ஆளாச்சே நீ! ரொம்ப சந்தோஷம்டா. ஆனால் வண்டி உன் வாசலுக்கு வருவதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் அப்பாவை இடித்திருப்பேன்.

பெண்ணை டியூஷனில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நோட்டை மறந்துவிட்டேன் என்று போன் செய்கிறாள். எடுத்துக்கொண்டு அவசரமாகத் திரும்பினேன். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததால் ஓடவே இல்லை, வண்டி பேட்டரியிலேயே சத்தமில்லாமல் நகர்ந்தது. அப்பா பால் வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்து, இடப்பக்கச் சக்கரத்துக்கு நேராக வந்துவிட்டார். முன்கண்ணாடி ஓரத்துத் தூண் மறைத்ததில் நான் பார்க்கவில்லை. உன் தங்கச்சி கத்தியதும் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் அவர் வேட்டி பம்பரை ஒட்டி நிற்கிறது, பால் பாக்கெட் டயரடியில் உடைந்து ஓடுகிறது. "வண்டி நிக்குதுன்னுல்ல நெனச்சேன் கண்ணு" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

அப்பாவை உனக்குத் தெரியும். சேரன் போக்குவரத்துக் கழகத்தில் ஊட்டி வண்டி ஓட்டியவர். தெருவில் வருவது என்ன வண்டி, எந்த கியரில் வருகிறது என்று உள்ளே உட்கார்ந்தபடியே சொல்வார். கண்ணில் அழுத்தம் வந்து ஓரப்பார்வை போன பிறகு, அவர் நடப்பதே காதை நம்பித்தான். அந்தக் காதுக்கு ஒன்றுமே கொடுக்காத வண்டியை நானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்புகள் வருஷக்கணக்கில் போராடி, 2011 ஜனவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஹைப்ரிட், மின்சார வண்டிகள் மெதுவாகப் போகும்போது ஓசை எழுப்பியே ஆக வேண்டும். அங்கே சுமார் 30 கி.மீ. வேகம் வரை. ஐரோப்பாவில் 20 கி.மீ. வரை, 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புது வண்டிக்கும். அதற்கு மேல் வேகம் போனால் டயர் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து முழுக்க நம் வாசலிலும் சந்திலும் ஊர்கிற அந்த வேகத்தில்தான். பிரியஸ் என்ற ஹைப்ரிட் கார் ஜப்பானில் வந்தது 1997-ல், லெக்சஸ் ஆர்எக்ஸ் 400ஹெச் என்ற ஹைப்ரிட் எஸ்யூவி வந்தது 2005-ல். முதலில் வண்டி வந்தது, சத்தத்தைப் பற்றி யோசித்தது எத்தனையோ வருஷம் கழித்து!

மற்றபடி வண்டியைப் பற்றி நீ கேட்க நினைப்பதற்கெல்லாம் பதில்: மைலேஜ் ஊருக்குள்தான் நன்றாகக் கிடைக்கிறது, அவினாசி ரோடு நெரிசலில் பாதி நேரம் என்ஜின் அணைந்தே கிடக்கும். பின்சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகிற வழி இருந்தால், பையைப் போட்டு அடைக்காதே. வரிதான் வயிற்றெரிச்சல். மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், நம் வண்டிக்கு 43 ஆக இருந்தது. 2025 செப்டம்பரில் குறைத்தும் 40.

ஒரு நல்ல சேதி. போன வாரம் குன்னூர் போய்விட்டு இறங்கினோம். பாதி இறக்கத்திலேயே பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்குமேல் கரண்ட் ஏற்ற இடமில்லாததால், வேகத்தைப் பிடிக்க என்ஜின் தானாகவே சுற்றி உறுமியது. பர்லியார் தாண்டும்போது அப்பா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செகண்ட் கியர்ல எறக்கற மாதிரியே புடிக்குதுடா" என்றார். கல்லாறு வருகிற வரைக்கும் டாஷ்போர்டில் கை வைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உங்கள் சந்தில் அம்மா இருட்டோடு எழுந்து கோலம் போடுவார்கள். குனிந்துவிட்டால் தெருவைப் பார்க்க மாட்டார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் நீ அந்தச் சந்தில் மெல்லத் திரும்புவாய். என்ஜின் ஓடாது. அதனால் ஓசை எழுப்புகிற கருவி இருக்கிறதா என்று ஷோரூமில் கேள், ஓட்டச் சொல்லி வெளியே நின்று நீயே கேட்டுப் பார். இருந்தாலும் முனையிலேயே ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பு. பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் திட்டட்டும். நான் இங்கே இரண்டு தடவை அடித்து, அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்த பிறகுதான் எடுக்கிறேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். வண்டி என்றைக்கு வருகிறது என்று எழுது.

உன்,
சிவா