இன்னு வேறு, இனுவிட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் இசைப் பக்கத்தில் ‘பனிவீட்டில் வாழும் இனுவிட் இளைஞர்கள் கிற்றாரும் வாசிக்கிறார்கள்!’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் காஷ்டின் இசைக்குழுவின் பெயர். அந்த ஆச்சரியக்குறி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

காஷ்டினின் புளோரான் வொலானும் குளோட் மெக்கன்சியும் இன்னு மக்கள், கிழக்குக் கனடாவின் பழங்குடியினர். வடதுருவப் பக்கத்து இனுவிட் வேறு இனம், மொழிக் குடும்பமே வேறு. (இனுவிட் மக்களும் இப்போது பனிவீட்டில் இல்லை, அது தனிக்கதை.) இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? சின்ன எழுத்துப் பிசகு என்று விட்டிருப்பீர்கள்.

1990இல் மொன்றியலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குசினி வானொலியில் காஷ்டின் பாட்டு வந்தால் சமையற்காரனும் நானும் சமம்: இருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது, இருவரும் தலையாட்டுவோம். அந்தக் கோடையில் மொன்றியலுக்குப் பக்கத்து ஓக்கா ஊரில் பழங்குடி நிலத் தகராறு வெடித்தது. மறியலில் நின்றவர்கள் மோஹாக் மக்கள், இன்னொரு பழங்குடி. ஆனால் சில வானொலிகள் காஷ்டின் பாட்டையும் நிறுத்திவிட்டன. எல்லாரும் ஒன்றுதானாம்! மொன்றியலின் மெர்சியே பாலம் மறிக்கப்பட்டபோது சமையற்காரன் என்னிடமே கேட்டான், “உன்னுடைய ஆட்கள் எப்போது பாதையைத் திறப்பார்கள்?” பழங்குடிகளையும் இங்கே ‘இந்தியன்’ என்பார்கள், அவனுக்கு இந்தியன் என்றால் எல்லாரும் இந்தியன். நான் யாழ்ப்பாணத்தான். அவனை மன்னித்துவிட்டேன், அவன் பத்திரிகை நடத்தவில்லை.

சரி, கட்டுரையோடு போட்ட படத்துக்கு வருவோம். அதில் இருப்பது தெவெய்க்கான். கரிபு மான் தோல் போர்த்த, வேட்டைக்காரரின் மேளம். கனவில் அதைக் கண்டவர்தான் அடிக்கலாம் என்பது அவர்கள் மரபு. நீங்கள் கீழே போட்டது ‘விளையாட்டு உடுக்கு’. எங்கள் பறையை யாராவது இப்படி எழுதினால் நீங்கள் தலையங்கமே எழுதியிருப்பீர்கள்.

இன்னு மொழிப் பாட்டுக்குக் காஷ்டின்தான் தொடக்கம் என்று நீங்கள் எழுதியதும் பிழை. 1970களிலேயே பிலிப் மெக்கன்சி கிற்றாரோடு இன்னு மொழியில் பாடினார். காஷ்டினோடு முடிந்ததாம் என்பது அதைவிடப் பிழை. ஷாவிட் அதே மொழியில் றெகே பாடுகிறார், மத்தியூ றொக் பாடுகிறார். இதற்காகவே ஒருமுறை மொன்றியலிலிருந்து 900 கிலோமீற்றர் அளவு ஓடி, வழியில் தாதுசாக் போகும் படகேறி, மாலியோத்தெனாம் என்ற இன்னு ஊரில் நடக்கும் இன்னு நிக்காமு இசை விழாவுக்குப் போனேன். அங்கே பனிவீடு இல்லை, மரவீடுகள், தார் றோட்டு, பொரித்த உருளைக்கிழங்கு. விழா நடக்கும் நிலத்தில் முன்பு பழங்குடிப் பிள்ளைகளைப் பிரித்து அடைத்த விடுதிப் பள்ளி இருந்தது. வொலானும் சின்ன வயதில் அங்கே படித்தவர். அந்த மண்ணில் பிள்ளைகள் சொந்த மொழியில் உரக்கப் பாடுகிறார்கள். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

நான் கேட்பது சிறிது. அடுத்த இதழில், ராசிபலனுக்குக் கீழேயாவது, ‘இன்னு’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். போனமுறை என் கடிதத்தைப் பாதியாக வெட்டினீர்கள். இதையும் வெட்டுவதானால், அந்த மூன்று எழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
மொன்றியல்