கடல் இல்லாத ஊருக்கும் எண்ணெய் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணெய்க் கசிவு பற்றிச் சென்ற ஞாயிறு தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் "கடலோர மாவட்டங்கள் தயாராக இருந்தால் போதும், உள்மாவட்டங்களுக்கு இதில் வேலையில்லை" என்று ஒரு வரி வருகிறது. முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனதைப் புண்படுத்திவிட்டது.

எண்ணூரில் எண்ணெய் படிந்த கொசஸ்தலையாறு எங்கிருந்து வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. வாலாஜா பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டில் திரும்பும் தண்ணீர் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி நிரம்பிக் கோடி போனால் கொசஸ்தலையாற்றில்தான் சேர்கிறது. எங்கள் பழைய வட ஆற்காட்டுத் தண்ணீர் அது.

2023 டிசம்பரில் அங்கே வந்த எண்ணெய் எந்தக் கப்பலிலிருந்தும் கொட்டவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் வந்தது. எண்ணெய்க் கசிவைச் சமாளிக்க வகுத்த 1996ஆம் ஆண்டின் தேசியத் திட்டமோ, கடல் என்றால் கடலோரக் காவல் படை, துறைமுக எல்லை என்றால் துறைமுகம், கரையில் ஒதுங்கினால் மாநில அரசு என்று பிரித்து வைத்திருக்கிறது. தரையில் கிளம்பி ஆற்றோடு வந்தால் முதல் நாள் யார் இறங்குவது? மீனவர்கள் இறங்கினார்கள், வாளியும் வெறுங்கையுமாக. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளிதான். ஏழு வருடத்தில் அந்த வாளிகூட மாறவில்லையே ஐயா!

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர் ஓரமாக, பெங்களூரு நெடுஞ்சாலையில், டீசல் ஏற்றி வந்த டேங்கர் லாரி ஒன்று விடியற்காலையில் கவிழ்ந்தது. தீயணைப்பு வீரர்கள் ஓட்டுநரை மீட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போக்குவரத்தும் சீக்கிரமே சரியாகிவிட்டது. டீசலுக்குத்தான் ஆள் இல்லை. அது பள்ளத்தில் இறங்கி ஏரிக்கால்வாயில் விழுந்துகொண்டே இருந்தது. பெண்கள் குடத்தில் பிடிக்க ஓடினார்கள். தீப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். மூன்றாவது இடத்தில், "தண்ணீரில் கலந்தால்தான் எங்களுக்கு வரும்" என்றார்கள். கலந்துகொண்டிருக்கிறது என்று கத்தினேன். கடைசியில் நாங்களே வைக்கோல் பிரி முறுக்கிக் கால்வாயின் குறுக்கே போட்டு, மணல் மூட்டை அடுக்கினோம். என் தம்பி மகனுக்கு முழங்கால்வரை தோல் உரிந்தது. மூன்றாம் வாரம் என் கிணற்றில் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மிதந்தது. தொட்டியில் வாய் வைத்த பசு, ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஈன்று நான்கு நாள் ஆன பசு அது.

வேலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக எங்கள் மக்கள் போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில், 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். இவ்வளவும் பட்ட மாவட்டத்தைப் பார்த்து "வேலையில்லை" என்று எழுதலாமா?

மறுப்போ வருத்தமோ நான் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் டேங்கர் கவிழ்ந்து எண்ணெய் ஓடினால் முதலில் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், திறந்த கிணறு வைத்திருப்பவர் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதை மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாகப் போடுங்கள். தங்கள் நிருபர் கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்வார்கள். வந்த அன்றே வெட்டி, பம்புசெட் அறைக் கதவில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்