பழைய டிராக்டர் வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. புல் வெட்டுகிற தோட்ட டிராக்டர் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் "எஞ்சின் போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டார்களாமே. அவசரப்படாதே. இருபது நிமிடம் நன்றாக ஓடி, திணறி நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற எஞ்சினைச் செத்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதே கோளாறு என் வண்டிக்கும் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன், பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயிலையும் புதிதாகப் போட்டேன். எதற்கும் மசியவில்லை. ஒரு நாள் பாதிப் புல்லில் நின்றபோது பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே வண்டி கிளம்பியது. அந்த மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். வண்டி ஆறுகிற நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் சூட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை நின்றால் முதலில் மூடியைத் திற. சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு சொட்டுப் பெட்ரோலும் சிந்தக் கூடாது. சத்தம் வரவில்லையென்றால் மூடியை இறுக்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் பிளக்கில் பொறி வருகிறதா பார். சூட்டில் மட்டும் சுணங்குகிற காயிலும், அதோடு சேர்ந்து பொறிக்கு உதவுகிற கண்டன்சரும், ஆறிய பிறகு சோதித்தால் நல்ல பிள்ளையாகப் பொறி தரும். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பாயிண்டின் இடைவெளியையும் அளந்துவிடு. கோலர் கம்பெனியின் கே வரிசை எஞ்சின் என்றால் அரை மில்லிமீட்டர்.

மூன்றாவது, எஞ்சின் மேலுள்ள தகர மூடி. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரம் தள்ளுகிற காற்று, சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள் என்கிற மெல்லிய உலோக மடிப்புகளுக்குள் புகுந்து போனால்தான் சூடு தணியும். நான் முதன்முதலாக அந்தத் தகரத்தைக் கழற்றியபோது உள்ளே எலிக்கூடு ஒன்று இருந்தது. அதற்கடியில் புல்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வெந்து செங்கல் மாதிரி இறுகி, பாதி ஃபின்கள் கண்ணுக்கே தெரியவில்லை. மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டி எடுத்தேன். வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய். இந்த எஞ்சின்களைக் கெடுப்பது பெரும்பாலும் வயசு இல்லை, அழுக்குத்தான்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற அளவு, குறைவாகக் காட்டுகிறது என்று உன் மெக்கானிக் சொன்னாராமே, அதை வைத்து முடிவு கட்டாதே. கே வரிசை எஞ்சின்கள் பலவற்றில், சுலபமாகக் கிளம்புவதற்காக மெதுவாகச் சுற்றும்போது வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிற அமைப்பு உண்டு. அதனால் நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

ஆயிலை 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்று. பேட்டரி எர்த் வயரின் இரு முனையையும் பளிச்சென்று தேய்த்து மாட்டு. பிளேடில் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிடு. சீட்டுக்கு அடியிலுள்ள சுவிட்சை யார் சொன்னாலும் நேரடியாக இணைத்துவிடாதே. நீ இறங்கினால் எஞ்சினை நிறுத்துவதற்காக இருப்பது அது.

கப் கேடட் என்கிற தோட்ட டிராக்டர் 1961-இலும், ஜான் டியர் 110 என்பது 1963-இலும் வந்தவை. அந்தக் காலத்து வண்டிகள் இன்றும் புல் வெட்டிக்கொண்டிருக்கின்றன. உன்னுடையதும் வார்ப்பிரும்பு எஞ்சின்தான், வீசிவிடாதே.

மூடியைத் திறந்தபோது சத்தம் கேட்டதா இல்லையா, அதை முதலில் எழுது.

அன்புடன்,
அண்ணன்