மணி அடித்துவிட்டால் போதுமா? சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரம் சைக்கிள் ஓட்டும் குழுக்களுக்கு

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலிருந்து ஆற்றை ஒட்டிப் போகும் பூங்கா இணைப்புப் பாதையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று கூட்டமாகப் போகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நானும் சைக்கிள்காரன்தான். உங்களைப் போல கார்பன் வண்டி இல்லை, மடக்கு சைக்கிள். வாரத்தில் மூன்று நாள் அதே பாதையில் அம்மாவோடு நடக்கவும் செய்கிறேன்.

போன மாதம் அம்மா இடது ஓரமாகத்தான் நடந்துகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் 'டிங்' என்று மணி. அவருக்கு 72 வயது, ஒரு காது கொஞ்சம் மந்தம். சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் வலது பக்கம் ஒதுங்கிவிட்டார், அதாவது வண்டி வரும் வழிக்கே. முன்னால் வந்தவர் பிரேக் போட்டார். பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. நல்லவேளை, யாரும் விழவில்லை. "மணி அடித்தேனே, கேட்கவில்லையா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு 'டிங்'. அன்றிலிருந்து அம்மா புல்லில்தான் நடக்கிறார். மழை பெய்த மறுநாள் செருப்பெல்லாம் சேறு.

அவர் பொய் சொல்லவில்லை, மணி அடித்தார். எங்கிருந்து அடித்தார் என்பதுதான் விஷயம். இந்த மாதிரி நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போகும் பகிர்வுப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குள் ஏழு மீட்டர் போய்விடுவோம். மூன்று மீட்டர் பின்னாலிருந்து அடித்தால் நடப்பவருக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. கழுத்தைத் திருப்பவே அது போதாது. இருபது மீட்டர் தள்ளி ஒரே ஒரு தடவை அடியுங்கள். அப்புறம் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். அப்போது உங்கள் பின்சக்கரத்திலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே (அதற்காகவே காசு கொடுத்து சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்), அது மணியைவிட நல்ல மணி. அதட்டாது. அவர் திரும்பிப் பார்க்கும்வரை நடை வேகத்தில் பின்னாலேயே வாருங்கள். கடக்கும்போது முதல் ஆள் "பின்னால் இன்னும் ஐந்து பேர்" என்று சொல்லிவிட்டால், இரண்டாவது வண்டிக்குக் குறுக்கே அவர் வந்துவிட மாட்டார்.

25 என்பது வரம்பு. அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நடைபாதையில் 15 ஆக இருந்ததை 2019இல் 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து, பாதசாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதையில் நாமும் ஏறக் கூடாது. ஸ்கூட்டர்காரர்கள் எல்லாருமா தப்பாக ஓட்டினார்கள்? ஆனால் தடை எல்லாருக்கும்தான். நமக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

நடக்கிறவர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லைதான். பாதையை அடைத்து நாலு பேர் வரிசையாக நடப்பதும், நாய்க் கயிற்றைக் குறுக்கே விடுவதும் எனக்கும் எரிச்சல். அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

பழைய சைக்கிளில் வரும் கட்டுமானத் தொழிலாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்த வண்டி, பின்னால் ஒரு மளிகைப் பை. சட்டென்று ஒதுங்க வராது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "மணி சத்தம் கேட்டாலே நான் இறங்கி நின்னுடுவேன் அண்ணே." அவருக்கும் அந்தப் பாதையில் உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான். இறங்க வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் உங்களுக்கு நிற்கத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஆற்றிலிருந்து ஏறிப் பாதையைக் கடந்தது. எட்டு வண்டியும் அப்படியே நின்றன. ஒருவர்கூட மணி அடிக்கவில்லை. காலை ஊன்றி, போனை எடுத்து, பின்னால் வந்த என்னையும் கை காட்டி நிறுத்தினீர்கள். கடைசிக் குட்டி புல்லுக்குள் போகும்வரை யாருக்கும் அவசரம் இல்லை. அம்மாவுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

அடுத்த ஞாயிறு புல்லைவிட்டுப் பாதைக்கு வரச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அவங்க வராத நேரமாப் பார்த்துப் போகலாம்" என்கிறார். எப்படியாவது ஆறரைக்குக் கூட்டிவந்துவிடுவேன். அந்நேரம் இங்கே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். உங்கள் மின்னும் விளக்கைக் கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மழை இல்லாவிட்டாலும் அம்மா கையில் நீலக் குடை இருக்கும்.

இப்படிக்கு,
மடக்கு சைக்கிள்காரன்